ராக்கெட்டுக்குச் சட்டை தைத்த நாடு

திருச்செந்தூர் முருகன் நெருப்பில் பிறந்தவன். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து கிளம்பிய ஆறு பொறிகளைச் சுமந்து போகும் வேலையை வாயுவுக்கும் அக்னிக்கும் கொடுத்தார்கள் என்கிறது புராணம். போகிற வழியில் அக்னிக்கே சூடு தாங்கவில்லை. சுடுவதையே தொழிலாகக் கொண்டவர், 'இது நம்மால் ஆகாது' என்று கங்கையிடம் ஒப்படைத்துவிட்டார். கங்கை சரவணப் பொய்கையில் கொண்டு சேர்த்தாள். இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டவர்கள் கோடிப் பேர். தொழிற்பாதுகாப்பு அறிக்கையாக இதைப் படித்தவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. படித்திருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். சுமப்பவனுக்குச் சுடுகிறது என்று தெரிந்ததும் தேவலோகத்தில் ஏற்பாடு மாறியது. அக்னியின் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவித்துவிட்டு அடுத்த பொறியை எடுத்துவர ஆள் தேடவில்லை.

அந்த முருகன் கோவிலிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் போனால் குலசேகரன்பட்டினம். தசரா வேஷத்துக்குப் பேர்போன அந்த ஊரில் அமையும் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவத்தை நோக்கிக் கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து கிளம்பினால் நேர்க்கோடு. அந்த வளைவை மிச்சம் பிடிக்க 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். எடுக்கட்டும். ராக்கெட்டின் கஷ்டம் ராக்கெட்டுக்குத்தானே தெரியும்!

அந்த ராக்கெட்டின் உடையைக் கொஞ்சம் கவனியுங்கள். திட எரிபொருள் எரிந்து வாயு சீறி வெளியேறும் கூம்பு வாயை நாசில் என்பார்கள். அங்கே வெப்பம் சுமார் 3,000 டிகிரி. இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். ஆகவே கூம்பின் உள்பக்கத்துக்கு ஒரு சட்டை போடுகிறார்கள். ரேயான் போன்ற துணியை ஆக்ஸிஜன் படாமல் சுட்டுக் கரித்துணியாக்கி, ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காகச் சுற்றி, அழுத்தத்தில் வேகவைத்து இறுக்கும் சட்டை அது. தீ பாயும்போது தன் மேல்தோலைத் தானே கரியாக்கி உதிர்க்கும். உதிரும்போது வெப்பத்தையும் கூடவே எடுத்துப் போகும். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. இந்த வித்தையில் நம் விஞ்ஞானிகள் தேர்ந்தவர்கள். பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் திரவ எஞ்சின்களைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் இஸ்ரோ வளாகமும் இருக்கிறது. ஓரிரு நிமிடம் எரிந்துவிட்டுக் கடலில் விழப் போகும் ஒரு கூம்புக்கு இத்தனை கரிசனமான சட்டை தைத்த நாட்டை மெச்சத்தான் வேண்டும்.

மெச்சி முடித்துவிட்டு வடக்கே போவோம்.

ராக்கெட்டின் திட எரிபொருளில் அலுமினியப் பவுடர் கலந்திருக்கிறது. தீபாவளிப் பூச்சட்டி வெள்ளிப் பூவாகச் சொரிவதும் அதே அலுமினியப் பவுடரால்தான். சரக்கு ஒன்று. தொடுகிற கைதான் வேறு. செந்தூரிலிருந்து தூத்துக்குடி, கோவில்பட்டி, சாத்தூர் என்று ஏறிப் போனால் சிவகாசி வட்டாரம். மருந்து அடைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெள்ளி. முகத்தில் வெள்ளி. சேலைக்கு மேலே புருஷனின் பழைய சட்டை. பித்தான் பாதி இல்லை, காலர் நைந்துவிட்டது. சேலை அழுக்காகாமலும் முந்தானை காற்றில் பறக்காமலும் இருக்க அவளே கண்டுபிடித்த ஏற்பாடு அது. நூறாண்டுத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் இந்த உலகுக்கு அளித்த ஒரே பாதுகாப்பு உடையும் அதுதான். கண்டுபிடித்தவளுக்குக் காப்புரிமை கிடையாது, காப்பும் கிடையாது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922-இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு தொழிலையே நட்டார்கள். அந்தத் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. நெருப்பை உண்டாக்கக் கற்றுக்கொள்ள அன்றைக்கு ரயில் ஏறினார்கள். உடம்பில் பற்றிய நெருப்பு மேலே பரவாமல் இருக்க என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள இந்த நூறு வருஷத்தில் யாராவது ரயில் ஏறினார்களா? வாரிசுகள் ஜெர்மனிக்கும் சீனாவுக்கும் இயந்திரம் பார்க்கப் போனார்கள், வண்ணம் பார்க்கப் போனார்கள். துணி பார்க்க யாரும் போகவில்லை.

துணி ஒன்றும் தேவரகசியம் இல்லை. பட்டாசு வேலைக்கு வருகிறவர் பருத்தி உடுத்தி வர வேண்டும் என்பார்கள். செயற்கை இழை உரசினால் மின்பொறி கிளம்பும், மருந்து அறையில் ஒரு பொறி போதும் என்பதால் அது சரியான விதி. பொறி கிளம்பாமல் பருத்தி காக்கும். பொறி கிளம்பிவிட்டால்? நாம் மூச்சு வாங்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். பருத்தி நின்று எரிய 18 சதவீதமே போதும். பாலியஸ்டர் அதைவிட அபாயம். சுமார் 260 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துணியை உரித்தால் தோலும் சேர்ந்து வரும். இரண்டும் கலந்த டெரிகாட்டன் இருக்கிறதே, அது இருவர் துர்க்குணமும் ஒன்றாய்ச் சேர்ந்த சம்பந்தம். பருத்தி திரியாக நிற்கும், உருகிய பாலியஸ்டர் எண்ணெயாக ஊறும். புருஷனின் பழைய சட்டை பெரும்பாலும் எந்தத் துணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று கண்டுபிடித்து அறுபது வருஷம் ஆகிறது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1960-களில் நோமெக்ஸ் என்ற அராமிட் இழையைக் கொண்டுவந்தது. பென்சீன் வளையங்களை அமைடு பிணைப்பால் கோத்த சங்கிலி அது. தீ பட்டால் உருகாது, சொட்டாது. தடித்துக் கரியாகி, தோலுக்கும் நெருப்புக்கும் நடுவே சுவராக நிற்கும். நின்று எரிய அதற்கு 28 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். பூமியின் காற்றில் அவ்வளவு கிடையாது. பி.பி.ஐ. என்ற இழைக்கு 41 சதவீதம் வேண்டும். இவை விலை கூடியவை, நமக்குக் கட்டாது என்கிறீர்களா? சரி. பருத்தியையே பாஸ்பரஸ் சேர்மத்தால் பக்குவம் பண்ணலாம். பருத்தி சூடானால் எரியும் ஆவியாக மாறுகிறது. பாஸ்பரஸ் ஏறியிருந்தால் ஆவியாகாமல் கரியாக நின்றுவிடும். அரை நூற்றாண்டுக்கு மேல் பழக்கத்தில் இருக்கும் தொழில்முறை இது. நூலும் சாயமும் அத்துப்படியான தமிழ்நாட்டுக்கு எட்டாத வித்தை அல்ல.

இதில் ஒரு கொடூரமான வேடிக்கை உண்டு. தீக்குச்சியை உரசுகிறோமே, தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை, அதில் இருப்பதும் பாஸ்பரஸ்தான். கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பாஸ்பரஸ் வந்துகொண்டே இருக்கிறது. பற்றவைக்க வருகிறது. அணைக்க மட்டும் வந்ததில்லை.

அமெரிக்காவில் 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில், ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். தூய ஆக்ஸிஜன் நிரப்பிய அறை, உள்ளே நைலான் உடைகள், நைலான் வலைகள். மூன்று சாவுக்கு அந்த நாடு என்ன செய்தது? இருபது மாதத்துக்கு மனிதரை ஏற்றிய ஒரு கலமும் கிளம்பவில்லை. கதவை மாற்றினார்கள். உள்ளே இருந்த காற்றை மாற்றினார்கள். நைலானைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணாடி நூலை டெஃப்லான் பூசி நெய்த பீட்டா துணியில் வெளியுடை தைத்தார்கள். மூன்று பேர் செத்ததில் உலகத்தின் துணி ஆராய்ச்சியே ஒரு திருப்பம் திரும்பியது.

இப்போது நம்முடைய கணக்கு. 1991 ஜூலை, மீனம்பட்டி, 39 பேர். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், 20 பேருக்கு மேல். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி, 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி, எட்டுப் பேருக்குக் குறையாமல். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி, அங்கேயும் எட்டுக்குக் குறையாது. நடுநடுவே ஒன்றும் இரண்டுமாகச் செத்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தோடு முடிந்துபோனவர்கள்.

இத்தனை சாவுக்குப் பிறகும் இங்கே எதுவும் மாறவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். மாறியிருக்கிறது. 2021-இல் மாநில அரசு அறிவித்த நிவாரணம் 3 லட்சம். 2025-இல் 4 லட்சம். மத்திய அரசு 2 லட்சத்தில் உறுதியாக நிற்கிறது. 1990-இல் உச்ச நீதிமன்றம், இந்த வட்டாரத் தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய் காப்பீடு கட்டாயம் என்று நல்லெண்ணத்தோடு உத்தரவிட்டது.  செத்த பிறகு எவ்வளவு என்பது மட்டும் இந்த நாட்டில் ஒழுங்காகத் திருத்தப்பட்டு வருகிறது. சாகாமல் இருக்க எவ்வளவு என்று ஒரு தொகை எந்த அறிவிப்பிலும் வந்ததில்லை.

குற்றவாளியும் ஒருவர்தான். 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக.' முப்பது வருஷமாக ஒரே ஆசாமி. ஒரு தடவைகூடக் கைதானதில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் உட்கார்ந்தது உராய்வால். உரிமம் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு அறை அறையாக இன்னொருவர் வேலை வாங்கியது உராய்வால். மரத்தடியில் மருந்து காயவைத்தது உராய்வால். இப்படி ஓய்வே இல்லாமல் உழைக்கும் உராய்வுக்கு ஒரு ஓய்வூதியம் கொடுக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே சிவகாசியும் சாத்தூரும் வெடி செய்கின்றன. அதே மாவட்டத்தின் மேற்கே, ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி. அந்த ஊர் எதற்குப் பேர்போனது? பேண்டேஜ் துணிக்கு. தறி தறியாகக் காயக்கட்டுத் துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். ஒரே மாவட்டம் வெடியையும் செய்கிறது, வெடித்த பிறகு சுற்றும் துணியையும் செய்கிறது. இடையில் உடுத்த வேண்டிய துணியை மட்டும் யாரும் நெய்யவில்லை. நெசவாளர் மேல் குற்றமில்லை. சந்தை கேட்டதை நெய்கிறார்கள். சந்தை காயத்தைத்தான் கேட்டது.

மத்திய அரசின் நிர்வாகம் இதே தத்துவத்தை இன்னும் பெரிய வரைபடத்தில் கடைப்பிடித்தது. தொழில்நுட்ப ஜவுளிக்கு நாடெங்கும் சிறப்பு மையங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். மருத்துவத் துணிக்கான மையம் கோவை சிட்ராவுக்கு வந்தது. பாதுகாப்பு உடைக்கான மையம் டெல்லிக்குப் பக்கத்துக் காசியாபாத்துக்குப் போனது. வெடிக்கும் தெற்குக்குக் கட்டுத்துணி, வெடிக்காத வடக்குக்குக் கவசம். 2020 பிப்ரவரியில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் என்று 1,480 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டமும் அறிவித்தார்கள். நெருப்பு வெப்பத்துக்கு எதிரே நிற்கும் தொழிலாளர் உடைக்கு ஐ.எஸ். 15748, தீயணைப்பு வீரர் உடைக்கு ஐ.எஸ். 16890 என்று தரநிர்ணயங்களும் அச்சில் இருக்கின்றன. சாத்தூர் டீக்கடையில் போய் ஐ.எஸ். 15748 தெரியுமா என்று கேளுங்கள். அது எந்த ஊர் பஸ் என்று திருப்பிக் கேட்பார்கள்.

தீத்தடுப்பு உடையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஆள் உயரப் பொம்மைக்கு உடையை மாட்டி, நாலாபுறமும் வாயுத் தீயை மூன்று நாலு வினாடி பாய்ச்சுவார்கள். பொம்மையின் உடம்பெங்கும் நூறு உணரிகளுக்கு மேல். எந்த இடத்தில் தோல் சிவந்திருக்கும், எந்த இடத்தில் கொப்புளம் கண்டிருக்கும், எங்கே சதை வரை வெந்திருக்கும் என்று கணினி சதவீதம் போட்டுக் கொடுக்கும். நம்மூரிலும் இந்தச் சதவீதக் கணக்கு உண்டு. பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும், மதுரை ராஜாஜி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும் போடுகிறார்கள். 'அறுபது சதவீதம்', 'எண்பது சதவீதம்'. வித்தியாசம் என்னவென்றால் அங்கே பொம்மைக்கு உடை இருந்தது.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்கும் விவரமானவர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில்: "நம்ம ஊர் வெயில்ல அதைப் போட்டா வேர்த்தே செத்துருவாங்க அண்ணாச்சி." உண்மை. கரிசலில் சித்திரை வெயில் என்னவென்று தெரிந்தவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டிய வாதம் இது. இந்த இழைகளைக் கண்டுபிடித்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு நெருப்பு ஒன்றுதான் கவலை. நமக்கு நெருப்பும் வேர்வையும். வேர்வையை உறிஞ்ச வேண்டும், காற்றுப் போக வேண்டும், மின்பொறி கிளப்பக் கூடாது, தீ பட்டால் கரியாகி நிற்க வேண்டும். ஆஸ்திரியாவில் மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழைக்குள்ளேயே தீத்தடுப்பை ஏற்றி மெல்லிய துணி நெய்கிறார்கள். உலகத்தின் பெரிய விஸ்கோஸ் உற்பத்தியாளர்களில் இந்திய நிறுவனமும் ஒன்று. நம் வெயிலுக்கான துணியை நாம்தான் ஆராய வேண்டும். ஆகவே 'வேர்க்கும்' என்பது சிவகாசிக்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்பதற்கான காரணம். அதை வேண்டாம் என்பதற்கான காரணமாக மாற்றிய சாமர்த்தியம்தான் அபாரம்.

இரண்டாவது பதில்: விலை. பக்குவம் பண்ணிய பருத்தி உடை ஒன்று நாலாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவுக்கு மாநிலமும் மத்தியும் தருவது 6 லட்சம். ஒரு பிணத்தின் பணத்தில் 150 பேருக்கு உடை. இந்தக் கணக்கு தெரியாத அளவுக்கு நம் தொழிலதிபர்கள் கணக்கில் மட்டமா? இல்லவே இல்லை. அவர்கள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நிவாரணம் அரசுப் பணம். உடை முதலாளி பணம். முதலாளியும் ஒரு தொகை தருவார்தான். அதற்கு ஊர்ச்சனம் சடலத்தை வாங்க மறுத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வேண்டும். உயிரைக் காக்கும் செலவு ஒருவர் தலையிலும், உயிர் போன செலவு ஊரார் தலையிலும் விழும்படி ஒரு தொழிலை அமைத்துவிட்டால், எந்த விஞ்ஞானி எந்த இழையைக் கண்டுபிடித்து என்ன பயன்?

மூன்றாவது பதில்தான் மகுடம்: "கொடுத்தாலும் அவங்களே போட மாட்டாங்க." ஏன் போட மாட்டார்கள்? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓடினால்தான் காசு. கையுறையும் மேலங்கியும் கையை இழுக்கும், சாயங்காலம் கூலி குறையும். உடையைப் போட்டால் அவள் வருமானம் போகிறது, போடாவிட்டால் உயிர் போகலாம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவளிடம் விட்டுவிட்டு, அவள் தேர்ந்தெடுத்ததை அவளுடைய அறியாமை என்று எழுதிக்கொள்கிறோம். ராக்கெட்டிடம் யாரும் இப்படி விருப்பம் கேட்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. உடை தாயத்து அல்ல. குவித்து வைத்த மருந்து வெடித்துக் கட்டடமே பறந்தால் எந்த இழையும் காப்பாற்றாது. முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் புகையைப் பார்த்து ஓடிவந்த ஊர்க்காரர்கள். அவர்களைத் தூரம்தான் காப்பாற்றியிருக்கும், துணி அல்ல. மருந்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, அறைக்கும் அறைக்குமான இடைவெளி, உள்குத்தகை ஒழிப்பு, இவைதான் முதல் வரிசை. உடை கடைசி வரிசை. அது தருவது மூன்று நாலு வினாடி. மருந்து வெடிக்காமல் குப்பென்று பற்றும்போது, எதிரெதிரே வாசல் வைத்துக் கட்டிய சிறிய அறையிலிருந்து வெளியே பாய அந்த வினாடிகள் போதும். கூட்டம் அடைத்து உட்கார்ந்திருந்தால் போதாது. ஆகவே 'உடை கொடு' என்று ஒரு அதிகாரி உண்மையாகவே சொல்ல ஆரம்பித்தால், ஆள் கணக்கையும் அவர் எண்ண வேண்டி வரும். குத்தகையையும் கேட்க வேண்டி வரும். ஒரு சட்டையைத் தொட்டால், வெடிபொருள் உரிமத்துக்குப் பொறுப்பான நாக்பூர் அலுவலகம் வரைக்கும் நூல் இழுபடும். உடை இன்னும் வராததற்கு வெயில் காரணமா, இந்த நூல் காரணமா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

உடை விஷயத்தில் நம் அரசுக்கும் சமூகத்துக்கும் அக்கறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. திரும்பக் குலசைக்கு வாருங்கள். தசராவுக்குக் காளி, குரங்கு, கரடி, ராஜா, குறத்தி என்று லட்சக்கணக்கானவர்கள் வேஷம் கட்டுகிறார்கள். செயற்கைச் சடை, செயற்கைப் பட்டு, செயற்கை ரோமம். கையில் தீச்சட்டி. இந்தக் கூட்டத்தின் உடையை அதிகாரம் எவ்வளவு நுணுக்கமாகக் கண்காணிக்கிறது தெரியுமா? சாதி அடையாளம் காட்டும் ரிப்பன் கட்டக் கூடாது. இரும்பில் ஆயுதம் ஏந்தக் கூடாது. ஆட வரும் பெண்களின் ஆட்டம் ஆபாசமாக இருக்கக் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் போய் உத்தரவு வாங்கியாயிற்று. ரிப்பனின் நிறம் பார்த்தோம், பாவாடையின் உயரம் பார்த்தோம். தீச்சட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கும் சடை எத்தனை வினாடியில் பற்றும் என்று யாரும் பார்க்கவில்லை. நம் கலாசாரத்தில் உடையால் மானம்தான் போகும். உயிர் போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மேலே பொதிகைக் காட்டுக்குப் போனால், தாமிரபரணி பிறக்கும் மலையில் கோடைத்தீயை அணைக்கும் கூலிக் காவலருக்குப் பெரும்பாலும் பச்சைத் தழைதான் கருவி. அடித்து அணைக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் வெந்து செத்தபோது நாடே பதறியது. மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. தழையோடு நிற்கும் ஆளின் உடையைப் பற்றி யாரும் அப்படிப் பதறவில்லை. மலையைப் பார்க்கப் போகிறவனுக்கு விதி, தீயை அணைக்கப் போகிறவனுக்குத் தழை.

அரசுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்பதால், புதிய ஆணை ஒன்றின் வரைவை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

ஒன்று: விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் நெருப்போடு வேலை செய்யும் அனைவரும் இன்று முதல் மனிதர்கள் என்ற பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, ஏவுகலத்தின் பாகங்கள் என்ற பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். இதன் மூலம் அவர்களுக்கு வரிசை எண், தரச் சோதனை, வெப்பக் கவசம் ஆகியவை தானாகவே பொருந்தும்.

இரண்டு: மேற்படி பாகம் ஒன்று எரிந்துபோனால், ராக்கெட் தோல்விக்கு அமைப்பதைப் போலவே தோல்வி ஆய்வுக் குழு அமைக்கப்படும். குழுவின் அறிக்கையில் 'உராய்வு' என்று எழுதிவிட்டு எழுந்துபோக அனுமதி இல்லை. எந்தத் துணி, எத்தனை வினாடி, எத்தனை பேர், யார் குத்தகை என்று எழுதும் வரை அடுத்த கலம் கிளம்பாது.

மூன்று: நிவாரணம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், தொகைக்குப் பக்கத்திலேயே, வாங்காமல் விட்ட உடையின் விலையும் உரிமம் வைத்திருப்பவரின் பெயரும் அதே அளவு எழுத்தில் அச்சிடப்படும்.

நான்கு: தொழிற்சாலையைப் பார்வையிட வரும் அமைச்சர், ஆட்சியர், அதிகாரிகளுக்குத் தலைக்கவசமும் மேலங்கியும் வழங்கும் வழக்கம் நிறுத்தப்படுகிறது. அந்த அறையில் வேலை செய்பவர் என்ன உடுத்தியிருக்கிறாரோ அதையே வருபவரும் உடுத்த வேண்டும்.

இந்த நாலாவது ஷரத்துக்காக மற்ற மூன்றையும் விட்டுக்கொடுக்கக்கூட நான் தயார். காரணம் எளிது. அறுபது வருஷமாக இழை இருக்கிறது. சாயப்பட்டறை இருக்கிறது, தறி இருக்கிறது, 1,480 கோடி இருக்கிறது, எண் போட்ட தரநிர்ணயம் இருக்கிறது. 3,000 டிகிரியைத் தாங்கும் சட்டையைத் தைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று. தீர்மானிக்கிறவனின் தோல் அந்த அறையில் இல்லை.

ஆகவே இனி உரிமம் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு கோப்போடும், சாத்தூரிலிருந்து ஒரு புருஷனின் பழைய சட்டையையும் இணைத்து அனுப்புவோம். பித்தான் இல்லாததாகவே பார்த்து அனுப்புவோம். கையெழுத்துப் போடுகிறவர் அதை மாட்டிக்கொண்டு, மருந்து அடைக்கும் அறையில் ஒரே ஒரு ஷிப்ட் உட்காரட்டும். எழுந்து வந்த பிறகு சொல்லட்டும், அந்தப் புது உடை வேர்க்குமா, விலை கட்டுபடியாகுமா, கொடுத்தால் போட்டுக்கொள்வாரா மாட்டாரா என்று.